நடுராத்திரி காலிங்பெல்

அன்புள்ள ராஜாத்திக்கு,

நீ கொடுத்தனுப்பிய நார்த்தங்காய் பத்திரமாக வந்து சேர்ந்தது. உன் முட்டிவலி எப்படி இருக்கிறது, தைலத்தைத் தடவுகிறாயா இல்லை தடவுவதாக என்னிடம் சொல்வதோடு சரியா என்று கேட்டு எழுத வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருக்கிறேன், இந்தப் பேத்தி விட்டால்தானே. அவளுக்குப் பள்ளிக்கூடத்தில் ஒரு வீட்டுப்பாடம். ஒருத்தரைத் திடீரென்று திடுக்கிட வைக்க, பயமுறுத்த இங்கிலீஷில் என்னென்ன வார்த்தை உண்டோ அத்தனையும் எழுதி, ஒவ்வொன்றுக்கும் ஒரு வாக்கியம் அமைத்துக்கொண்டு போகவேண்டுமாம். நமக்கெல்லாம் பசுவைப் பற்றிப் பத்து வரி எழுதச் சொன்னார்கள், எழுதினோம், பசுவுக்கும் தொந்தரவு இல்லை, பாட்டிக்கும் தொந்தரவு இல்லை. இந்தப் பெண் எதையும் செய்து பார்த்துத்தான் எழுதுவாள். நான் சொம்பில் தண்ணீர் எடுத்துக்கொண்டு வருகிறபோது கதவிடுக்கிலிருந்து “பே” என்று குதிக்கிறாள். சொம்பு ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். “பாட்டி, இப்ப நீ ஸ்டார்ட்டில் ஆனியா, ஸ்கேர் ஆனியா?” என்று நோட்டும் கையுமாக நிற்கிறாள். “முதல்ல தரையைத் துடைடி, அப்புறம் சொல்றேன்” என்றேன்.

ஆனால் கேள்வி என்னவோ மனசில் உட்கார்ந்துகொண்டது. எனக்கே தெரியவில்லை பார், நான் ஆனது எது? அதனால் சாயங்காலம் அவளைக் கூட்டிக்கொண்டு கீழ்வீட்டு மாமியிடம் போனேன். மாமியைப் பற்றி முன்பே எழுதியிருக்கிறேனே, ரிட்டயரான இங்கிலீஷ் புரொபசர். இங்கே ஹைதராபாத்தில் உஸ்மானியா யுனிவர்சிட்டியை ஒட்டி, நாட்டில் இங்கிலீஷ் வாத்தியார்களுக்கு இங்கிலீஷ் சொல்லித்தருவதற்கென்றே 1958-ல் ஒரு மத்திய நிறுவனம் ஆரம்பித்தார்கள். அப்புறம் பிறமொழிகளும் சேர்ந்து ‘சீஃபெல்’ ஆகி, 2007 முதல் மத்தியப் பல்கலைக்கழகமாகி, இப்போது ‘இஃப்லு’ என்கிறார்கள். நீ இங்கே வந்து ஆட்டோக்காரரிடம் கேட்டால் இன்னும் பழைய பெயரைச் சொன்னால்தான் சில பேருக்குப் புரியும். மாமி அங்கே காலம் தள்ளியவள். காபி கொடுத்தால் நிமிஷத்தில் குடித்துவிடுவாள், வார்த்தை கொடுத்தால் ராத்திரி சாப்பாடு வரை விடமாட்டாள்.

மாமி சொன்னதை அப்படியே எழுதுகிறேன், உன் பேரனுக்கும் உதவும். ஸ்டார்ட்டில் என்பது உடம்போடு நின்றுபோகிற சமாசாரமாம். பழைய இங்கிலீஷில் அதற்கு உதைப்பது, இடறுவது என்று அர்த்தமாம். பட்டென்று கதவு சாத்தினால் தூக்கிவாரிப் போடுகிறதே, அவ்வளவுதான், அதற்குள்ளே பயம் கிடையாது, பயப்பட நேரமே கிடையாது. ஸ்கேர், ஃப்ரைட்டன் இரண்டும் மனசுக்குள்ளே போய் உட்காருகிறவை. அலார்ம் என்பது “ஆயுதத்தை எடு” என்று இத்தாலிக்காரர்கள் போட்ட கூச்சலிலிருந்து வந்ததாம். நான் தினம் காலையில் போனில் வைக்கிறேனே, அது எனக்கு யுத்தக் கூச்சல் என்று இதுநாள் வரை தெரியாது. அஸ்டானிஷ், அஸ்டவுண்ட், ஸ்டன் மூன்றும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். லத்தீனில் இடி என்று அர்த்தமுள்ள சொல்லிலிருந்து கிளம்பியவை. நாம் ‘இடி விழுந்த மாதிரி’ என்கிறோமே, அவர்களும் அங்கேயிருந்துதான் ஆரம்பித்திருக்கிறார்கள். ஸ்பூக் என்று ஒன்று, அது டச்சுக்காரர் பேய், அமெரிக்கா வழியாக இங்கிலீஷுக்குள் புகுந்ததாம்.

ஸர்ப்ரைஸ் என்றால்? இதைத்தான் நீ கேட்கவேண்டும். பிரெஞ்சில் மேலே விழுந்து பிடிப்பது என்று அர்த்தமாம். எதிரி எதிர்பாராத நேரத்தில் பாய்ந்து பிடிக்கிற சண்டைக்காரர் வார்த்தையாம் அது! கேக்கும் பலூனும் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டவை. மாமி இதற்கு ஒரு கதை சொன்னாள். பேத்தியை “போய்த் தண்ணி கொண்டு வாம்மா” என்று உள்ளே அனுப்பிவிட்டுத்தான் சொன்னாள். அமெரிக்க அகராதிக்காரர் வெப்ஸ்டர் இருந்தாரே, அவர் வீட்டு வேலைக்காரப் பெண்ணுக்கு முத்தம் கொடுத்துக்கொண்டிருந்தபோது மனைவி வந்துவிட்டாளாம். “ஐ ஆம் ஸர்ப்ரைஸ்டு” என்றாளாம் அவள். மனிதர் அசரவில்லை. “இல்லையம்மா, ஸர்ப்ரைஸ்டு ஆனவன் நான், நீ ஆனது அஸ்டானிஷ்டு” என்று திருத்தினாராம். யாரோ கட்டிவிட்ட கதை, அந்த மனிதர் பாவம் என்று மாமியே சொல்லிவிட்டாள். ஆனால் கட்டினவனுக்கு வார்த்தை தெரிந்திருக்கிறது, இல்லையா? நமக்கு இப்படி ஒரு சமாசாரம் அந்தக் காலத்தில் கிடைத்திருந்தால் காவிரிப் படித்துறையில் ஒரு மாசம் பேசியிருப்போம்.

தூக்கிவாரிப் போடுவது நம் கையில் இல்லை என்பதற்கு மாமி டார்வினை இழுத்தாள். லண்டன் மிருகக்காட்சி சாலையில் விஷப்பாம்பு ஒன்று தடித்த கண்ணாடிக்கு அந்தப் பக்கம். இவர் முகத்தைக் கண்ணாடியோடு ஒட்டி வைத்துக்கொண்டு, அது சீறிப் பாய்ந்தாலும் அசையக்கூடாது என்று தீர்மானம் பண்ணிக்கொண்டு நின்றாராம். பாம்பு கண்ணாடியில் மோதியதோ இல்லையோ, மனிதர் ஒன்றிரண்டு கஜம் பின்னால் குதித்துவிட்டார். அதை மறைக்காமல் 1872-ல் வந்த உணர்ச்சிகளைப் பற்றிய புத்தகத்தில் எழுதியும் வைத்திருக்கிறார். முதலில் கண் மூடுகிறது, அப்புறம் தலை முன்னே வருகிறது, தோள் தூக்குகிறது, இதெல்லாம் முடிந்த பிற்பாடுதான் மனசு வந்து “என்ன, என்ன?” என்று கேட்கிறது. என் பெரிய பெண்ணின் கைக்குழந்தைகூட, தொட்டிலில் போடுகிறபோது கொஞ்சம் சட்டென்று விட்டால், இரண்டு கையையும் விரித்து எதையோ பிடிக்கிற மாதிரி பண்ணுகிறது. டாக்டர்கள் அதற்கு மோரோ என்று ஒருத்தர் பெயரை வைத்திருக்கிறார்கள், ஆறு மாசத்துக்குள் தானாகப் போய்விடுமாம். நம் ஊரில் “குழந்தை பயந்திருக்கு” என்று வேப்பிலை அடிக்கக் கூட்டிக்கொண்டு போய்விடுவோம். இங்கேயும் ஒன்றும் குறைச்சல் இல்லை, எங்கள் வீட்டில் வேலை செய்கிற அம்மா, பழைய நகரத்துக்காரி, தாயத்து வாங்கிக்கொண்டு வந்து கையில் கட்டிவிட்டாள். டாக்டருக்கும் சரி என்றேன், அவளுக்கும் சரி என்றேன்.

பயமுறுத்துவதில் நல்லதும் இருக்கிறது என்று உன் அம்மாவை நினைத்துக்கொண்டு சொன்னேன். ஞாபகம் இருக்கிறதா, எனக்கு விக்கல் வந்து நிற்கவே இல்லை, உன் அம்மா அடுக்களையிலிருந்து வந்து முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டு “ஏண்டி, அலமாரியிலே வைச்சிருந்த என் மோதிரத்தை நீதான் எடுத்தியாமே?” என்றார்கள். விக்கல் நின்றது, அழுகை ஆரம்பித்தது. அப்புறம் சர்க்கரையை வாயில் போட்டுச் சிரித்தார்கள். அந்த மாதிரி பயமுறுத்தத் தெரிந்தவர்கள் இப்போது யார் இருக்கிறார்கள், சொல்.

சரி, எங்கேயோ போய்விட்டேன். ஸர்ப்ரைஸ் சண்டைக்காரர் வார்த்தை என்று மாமி சொன்னதும் பேத்திக்குக் கோல்கொண்டா கோட்டைக்குப் போயே ஆகவேண்டும் என்று ஆகிவிட்டது. நானும் இத்தனை வருஷம் இந்த ஊரில் இருந்துகொண்டு சொந்தக்காரர் வந்தால் கூட்டிக்கொண்டு போய்க் கீழேயே உட்கார்ந்துவிடுகிற ஆள். இந்தத் தடவை ஏறினேன், நின்று நின்றுதான். கீழே ஃபத்தே தர்வாஜா வளைவுக்கு அடியில் நின்று கைதட்டினால் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் தள்ளி, உச்சியில் பாலா ஹிஸாரில் கேட்கும். வாசலுக்கு யாராவது வந்தால் மேலே தெரியப்படுத்த அப்போது கட்டிவைத்த வித்தை. இப்போது கைடுகள் தட்டிக்கொண்டே இருக்கிறார்கள், மேலே இருக்கிறவர்கள் செல்ஃபி எடுத்துக்கொண்டே இருக்கிறார்கள்.

அங்கே நடந்த கதையைக் கேள். 1687-ல் ஔரங்கசீப் எட்டு மாசம் இந்தக் கோட்டையை வளைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். உள்ளே இருந்தவர் அபுல் ஹசன், தானாஷா என்றால் எல்லோருக்கும் தெரியும். குத்ப் ஷாஹி வம்சத்தின் கடைசி ராஜா. ஒரு ராத்திரி மொகலாயப் படை சத்தம் போடாமல் ஏணி சாத்தி மதில் ஏறப் பார்த்தது. அசல் ஸர்ப்ரைஸ். கொஞ்சப் பேர் ஏறியும் விட்டார்கள். மதில்மேல் ஒரு தெருநாய் இருந்ததே, அது குரைத்துத் தீர்த்துவிட்டது. காவல்காரர்கள் முழித்துக்கொண்டு அத்தனை பேரையும் தள்ளிவிட்டார்கள். காஃபி கான் என்கிற சரித்திரக்காரர் எழுதி வைத்திருக்கிறார், தானாஷா அந்த நாய்க்குத் தங்கச் சங்கிலியும் கல் வைத்த கழுத்துப்பட்டையும் சரிகைச் சட்டையும் போட்டுத் தன் பக்கத்திலேயே வைத்துக்கொண்டாராம். எங்கள் தெருவில் குரைக்கிற நாய்களைப் பற்றி நான் இனிமேல் குறை சொல்லப்போவதில்லை, ஆனால் சரிகைச் சட்டை எல்லாம் என்னால் முடியாது.

கடைசியில் மதிலும் தோற்கவில்லை, நாயும் தோற்கவில்லை. உள்ளே இருந்த அப்துல்லா கான் என்கிற சர்தார் பணம் வாங்கிக்கொண்டு செப்டம்பர் மாசம் ஒரு ராத்திரி சின்னக் கதவைத் திறந்துவிட்டான். அப்துர் ரசாக் லாரி என்று ஒரு தளபதி மட்டும் சேணம்கூடச் சரியாகப் போடாத குதிரையில் ஏறிக்கொண்டு தனி ஆளாகப் பாய்ந்து, உடம்பில் இடமில்லாமல் வெட்டுப்பட்டு விழுந்தார். அந்த விசுவாசத்தைப் பார்த்து ஔரங்கசீப்பே வைத்தியர்களை அனுப்பிப் பிழைக்க வைத்தார்.

தானாஷா என்ன பண்ணினார் தெரியுமா? இங்கேதான் எனக்கு மனிதரைப் பிடித்துப்போனது. கூச்சல் கேட்டதும் அந்தப்புரத்துப் பெண்களுக்கு ஆறுதல் சொன்னார், எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டார், சபையில் வந்து சிம்மாசனத்தில் உட்கார்ந்து, அழையாத விருந்தாளிகளுக்காகக் காத்திருந்தார். மொகலாயத் தளபதி ருஹுல்லா கான் உள்ளே வந்தபோது முதலில் வணக்கம் சொன்னதும் இவர்தான். சாப்பாட்டு நேரம் ஆயிற்று, சாப்பாடு கொண்டுவரச் சொல்லி வழக்கம்போலச் சாப்பிட்டார். பிடிக்க வந்தவனுக்குத்தான் தூக்கிவாரிப் போட்டது. இந்த நேரத்தில் சாப்பாடு இறங்குகிறதா என்று கேட்டானாம். ராஜாவாவதற்கு முன்னால் ஷா ராஜூ என்கிற சூஃபிப் பெரியவரிடம் பல வருஷம் ஏழைச் சீடனாகக் கிடந்தவர் அபுல் ஹசன். ஆண்டவன் வறுமையும் கொடுத்தான், ராஜ்யமும் கொடுத்தான், இப்போது எடுத்துக்கொள்கிறான் என்கிற தோரணையில் பதில் சொல்லிவிட்டுக் கையைக் கழுவினார். அதற்கப்புறம் தௌலதாபாத் கோட்டையில் கைதியாகவே இருந்து செத்துப்போனார். டார்வினால் கண்ணாடிக்குப் பின்னால் நின்றும் முடியாதது இவரால் முடிந்திருக்கிறது என்று எனக்குத் தோன்றியது. மாமியிடம் சொன்னேன். “டார்வினுக்குப் பாம்பு. இவருக்கு எட்டு மாசமா வாசல்ல நின்ன மனுஷா. எதிர்பார்த்துண்டிருந்தா அது ஸர்ப்ரைஸே இல்லை” என்றாள். சரிதான்.

இதே தானாஷாவை இன்னொரு நடுராத்திரியும் எழுப்பியிருக்கிறார்கள், அது நமக்குத் தெரிந்த கதை. பத்ராசலம் கோயிலைக் கட்ட சர்க்கார் வரிப்பணத்தைச் செலவழித்தார் என்று ராமதாசரைப் பன்னிரண்டு வருஷம் இந்தக் கோட்டையில் அடைத்து வைத்திருந்தார்கள் அல்லவா, அந்த அறையை இன்றைக்கும் காட்டுகிறார்கள், நான் அதன் வாசலில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தேன். ராமனும் லட்சுமணனும் ராமோஜி, லட்சுமோஜி என்று சேவகர் வேஷத்தில் ராத்திரியில் வந்து, தானாஷாவை எழுப்பி, பாக்கி ஆறு லட்சம் மொஹராவையும் எண்ணிக் கொடுத்துவிட்டு ரசீது கேட்டு வாங்கிக்கொண்டு போனார்கள் என்பது ஐதீகம். நடுராத்திரியில் ஆளை எழுப்பினால் இப்படிப் பணம் கொடுப்பதற்கு எழுப்ப வேண்டும். ரசீதும் கேட்க வேண்டும். அந்த மரியாதை தெரிந்த தெய்வம்.

எங்கள் வீட்டிலே எழுப்பினார்களே, அதைச் சொல்கிறேன். என் பிறந்தநாள் அன்று ராத்திரி சரியாகப் பன்னிரண்டு மணிக்குக் காலிங்பெல் அடிக்கிறது. நம் தலைமுறைக்கு நடுராத்திரி பெல் என்றால் என்ன அர்த்தம்? தந்தி. யாரோ போய்விட்டார்கள். படுக்கையிலிருந்து எழுந்து கதவு வரை போவதற்குள் யார் யார் உடம்பு சரியில்லாமல் இருக்கிறார்கள் என்று ஊரிலிருந்து வரிசையாக மனசு ஓட்டிப் பார்த்துவிட்டது (அதில் நீயும் இருந்தாய், கோபித்துக்கொள்ளாதே). கதவைத் திறந்தால் பிள்ளை, மருமகள், அவர்கள் ஆபீஸ் சிநேகிதர்கள், கையில் கேக், ஒருத்தன் என் மூஞ்சிக்கு நேரே பட்டாசு மாதிரி எதையோ டப்பென்று வெடித்து ஜிகினாவைக் கொட்டுகிறான். “ஸர்ப்ரைஸ்!” சர்க்கரை வியாதிக்காரிக்கு நடுராத்திரியில் கேக். நான் சிரித்தேன், அதை வீடியோவும் எடுத்தார்கள், எல்லோரும் பாட்டி எவ்வளவு சந்தோஷம் என்கிறார்கள். விடியும்வரை எனக்கு நெஞ்சு படபடப்பு அடங்கவில்லை. அவர்கள் பாசத்தில் குறையே இல்லை, ராஜாத்தி, குழந்தைகள் தங்கம். ஆனால் எனக்கு நடந்தது ஸ்கேர் என்று நான் சொல்லவேண்டுமா, ஸர்ப்ரைஸ் என்று அவர்கள் சொல்லவேண்டுமா? பயமுறுத்தினவன் பெயர் வைக்கிறான், பயந்தவள் அதற்குச் சிரிக்க வேண்டியிருக்கிறது. எனக்கு இதில் ஒரே கட்சிதான், தூக்கிவாரிப் போட்டது யாருக்கோ பெயர் வைக்கிற உரிமையும் அவருக்கே.

இந்த வீடியோ எடுக்கிறவர்களைச் சொன்னதும் ஞாபகம் வருகிறது, 2019 நவம்பரில் பெங்களூரில் ராத்திரி வெள்ளைத் துணியும் சாயமுமாகப் பேய் வேஷம் போட்டுத் தெருவில் போகிறவர்களை அலறவிட்ட ஏழு பையன்களைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போயிற்று. யூட்யூபுக்காம். விளையாட்டு என்று அவர்கள் பெயர் வைத்தார்கள், போலீஸ் வேறு பெயர் வைத்தது.

பேய் விஷயத்தில் இந்த ஊர்க்காரர்களைக் குறைத்து எடை போடாதே. இங்கே வளர்ந்து, அமீர்பேட்டையில் வீடியோ கடை வைத்திருந்த ராம்கோபால் வர்மாதான் 1992-ல் நம் ரேவதியை வைத்து ‘ராத்திரி’ எடுத்தார். அதைப் பார்த்துவிட்டு என் வீட்டுக்காரர் மாடிப்படி விளக்கை அணைக்கவிடாமல் மின்சாரக் கட்டணத்தை ஏற்றினார். அதே தொண்ணூறுகளில் தெலுங்கு நாட்டுத் தெருக்களில் வீட்டுக் கதவு கதவாக ‘ஓ ஸ்த்ரீ ரேபு ரா’ என்று எழுதி வைத்திருந்தார்கள். அம்மா, நாளைக்கு வா என்று அர்த்தம். ராத்திரியில் ஒரு பெண்பேய் தெரிந்தவர் குரலில் கூப்பிடுமாம், கதவைத் திறந்தால் தீர்ந்தது. எழுதியிருந்தால் படித்துவிட்டு, சரி நாளைக்கு என்று போய்விடுமாம். மறுநாளும் அதையே படிக்கும். கர்நாடகத்தில் ‘நாளே பா’ என்று எழுதினார்கள். 2018-ல் ஹிந்தியில் ‘ஸ்த்ரீ’ என்று படமே எடுத்துவிட்டார்கள். எழுதப் படிக்கத் தெரிந்த பேய், சொன்ன சொல்லுக்குக் கட்டுப்படுகிற பேய். பன்னிரண்டு மணிக்குக் கேக்கோடு வருகிறவர்களைவிட எவ்வளவோ மேல். மாடிவீட்டுத் தெலுங்குப் பெண்ணிடம் இதைக் கேட்டேன். அவள் சின்னக் குழந்தையாக இருந்தபோது அவர்கள் கதவிலும் எழுதியிருந்ததாம். எழுதியிருந்ததைப் பார்த்துத்தான் தினமும் ‘ஜடுசுக்குன்னானு’, அதாவது பயந்து நடுங்கினேன், பேய் வந்திருந்தால்கூட அவ்வளவு பயந்திருக்கமாட்டேன் என்கிறாள்.

பேத்தியின் வீட்டுப்பாடம் முடிந்தது. ஸர்ப்ரைஸுக்கு அவள் எழுதின வாக்கியத்தில் அந்தக் கோல்கொண்டா நாய் வருகிறது. ஸ்கேருக்கு எழுதினதில் நான் வருகிறேன், நடுராத்திரி, கேக்கோடு. இவள் எல்லாவற்றையும் கவனித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள் பார். அவள் அப்பாவிடம் காட்டச் சொல்லியிருக்கிறேன், நானாகச் சொல்லமாட்டேன்.

நீ ஒரு நடை இங்கே வந்துவிட்டுப் போ. ஜனவரி ஒண்ணாம் தேதியிலிருந்து பிப்ரவரி நடுவரை நாம்பள்ளியில் நுமாயிஷ் நடக்கும், 1938-ல் ஆரம்பித்த பொருட்காட்சி, காஷ்மீர் சால்வையிலிருந்து லக்னோ துணி வரை கடை கடையாக நடக்கலாம், முட்டி வலித்தால் உட்கார்ந்து மிர்ச்சி பஜ்ஜி சாப்பிடலாம். குளிரும் சுகமாக இருக்கும். ஆனால் ஒன்று, என்னைத் திகைக்க வைக்கிறேன் பேர்வழி என்று சொல்லாமல் கிளம்பிவிடாதே. டிக்கெட் எடுத்ததும் ஒரு போன், ரயில் ஏறியதும் ஒரு போன். இல்லாமல் வந்து பெல் அடித்தாயானால் கதவில் ‘ரேபு ரா’ என்று எழுதி ஒட்டியிருக்கும், இப்போதே சொல்லிவிட்டேன்.

உன்
பழைய படித்துறைத் தோழி